குழாய்ப் பிழையும் மக்களின் பகைவனும்

நீர்க்குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதிக்கும் ஒப்பந்தகாரர் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டுமென அமெரிக்கச் சிறுநகரங்கள் பல விதி செய்துள்ளன. தகுதியைக் காட்டல் வேண்டும். பிணைப்பத்திரமும் காப்புறுதியும் சமர்ப்பித்தல் வேண்டும். வேலையைப் பரிசோதகர் பார்வையிடல் வேண்டும். குடிநீரிற் கழிவு கலந்தால் ஊரே நோயுறும். ஆதலின் இத்தகைய விதிகள் தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயின், குழாயைப் பதிப்பவரைச் சோதிக்கும் விதி, அதனை எங்கே பதிப்பதெனத் தீர்மானிப்பவரைச் சோதிக்கின்றதா? இவ்வினாவை மனத்திருத்தி ஹென்றிக் இப்ஸனின் ‘மக்களின் பகைவன்’ நாடகத்தைப் படிக்குமிடத்து, அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலனாகும்.

1882இல் வெளிவந்த இந்நாடகம் நோர்வேயின் கரையோரச் சிறுநகரொன்றில் நிகழ்வது. ஊரின் வளம் அங்குள்ள நீராடு நிலையத்தை நம்பியுள்ளது. நிலையத்தின் மருத்துவரான ஸ்டொக்மன், நீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதிப்பித்து, தோல் பதனிடும் சாலைகளின் கழிவு அதிற் கலந்திருத்தலை அறிகிறார். நீரெடுக்கும் வாய் மிகத் தாழ்ந்த இடத்தில் அமைக்கப்பட்டதே காரணம். பிழை மண் வெட்டிய தொழிலாளியினுடையதன்று. வேலை தொடங்குமுன்னரே மருத்துவர் எதிர்த்து எழுதியிருந்தார், நிருவாகிகள் செவிசாய்க்கவில்லை. எத்துணை தேர்ந்த ஒப்பந்தகாரரும், கொடுத்த வரைபடத்தின்படி குழாயைப் பிழையறப் பதித்திருப்பார். நஞ்சும் பிழையறப் பாய்ந்திருக்கும்.

உண்மை வெளிப்பட்டதும், மருத்துவரின் தமையனும் நகரத் தலைவருமான பீட்டர் செய்வது யாது? திருத்த வேலைக்கு இரண்டு ஆண்டுகளும் பெருந்தொகையும் வேண்டும், பங்குதாரர் தரமாட்டார், நகரமே கடன்பட்டுச் செலவிடல் வேண்டும் என்கிறார். இதனைக் கேட்டதும் ‘முற்போக்கு’ப் பத்திரிகாசிரியரும், சிறு சொத்துடையோர் சங்கத் தலைவரான அச்சகக்காரரும் கட்சி மாறுகின்றனர். இலாபம் சிலருக்கு, நட்டம் ஊருக்கு என்னும் நியாயத்தை இப்ஸன் ஈவிரக்கமின்றித் தோலுரித்துக் காட்டுகிறார். நாடகத்தின் யதார்த்தம் இங்கேதான் உச்சம் பெறுகின்றது.

நான்காம் அங்கத்திலோ பார்வை பிறழ்கின்றது. நீரைப் பற்றிப் பேசுவதைப் பொதுக்கூட்டத்தில் பீட்டரின் பிரேரணை தடுத்துவிட, ஸ்டொக்மன் பெரும்பான்மையினரையே உண்மையின் எதிரிகளெனச் சாடுகிறார். குடிபோதையிலிருந்த ஒருவரைத் தவிர யாவரும் அவரை மக்களின் பகைவரெனத் தீர்மானிக்கின்றனர். ஆனால் அம்மக்கள் மருத்துவரின் அறிக்கையைப் படித்தவரல்லர். பத்திரிகை அதனை வெளியிட மறுத்துவிட்டது. அறியாதபடி வைக்கப்பட்டோரை அறியாமைக்காகப் பழித்தல் நீதியன்று. குழாய் பதித்த தொழிலாளருக்கோ நாடகத்திற் குரலேயில்லை.

இறுதியில் ஸ்டொக்மன் தனித்து நிற்றலின் வலிமையைப் போற்றுகிறார். அதற்குச் சற்று முன்னரோ, தெருச் சிறுவரையும் சேர்த்துப் பள்ளி தொடங்க எண்ணுகிறார். பன்னிரண்டு பேராவது வேண்டுமென்கிறார். சுதந்திரமான கருத்துடையவள் என்பதற்காக வேலைநீக்கப்பட்ட ஆசிரியை, அவர் மகள் பெத்ரா, துணைநிற்கிறாள். தனிமையைப் புகழ்பவருக்கும் கூட்டம் தேவைப்படுகின்றது. இம்முரண்பாடு நாடகாசிரியரின் முடிவைவிட உண்மையானது.

அனுமதிப்பத்திரம் வேலையின் தரத்தைக் காக்கும். வரைபடத்தையும் கணக்கையும் நீர்ச் சோதனை முடிவையும் ஊரார் அனைவரும் காணும் உரிமையே ஊரைக் காக்கும். இந்நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், தனித்து நின்றவர் யார் என்பதோடு அமையாது, அறிக்கையை மக்களிடமிருந்து மறைத்தவர் யார் என்றும் மாணவரைக் கேட்பாராக.