திகில் படங்களின் தொடக்கக் காட்சி

திகில் படங்களின் தொடக்கக் காட்சி என்பது, கதையின் முதன்மைச் சிக்கல் விரியும் முன்பாகப் படத்தின் முதல் சில நிமிடங்களில் இடம்பெறும் காட்சியைக் குறிக்கும். கொலை, வெடிவிபத்து, ஒருவர் காணாமல் போதல் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் இதில் நிகழும். பார்வையாளரைப் பிடித்து உட்கார வைக்கும் தூண்டில் என்றே இக்காட்சி பொதுவாகக் கருதப்படுகிறது. சிறந்த படங்களில் இது மேலும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கதையில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பங்கிடுகிறது. இரண்டாவது, படம் பின்னால் அடைக்க வேண்டிய ஒரு கடனை ஏற்படுத்துகிறது. தொடக்கத்தில் ஓர் உயிர் போனால், அந்த உயிருக்கு மீதிப் படம் பதில் சொல்லியாக வேண்டும். அதிர்ச்சியின் அளவைக் காட்டிலும் இந்தக் கடன் எவ்வாறு அடைக்கப்படுகிறது என்பதே ஒரு தொடக்கக் காட்சியின் தகுதியைத் தீர்மானிக்கிறது. இதை ஐந்து படங்களைக் கொண்டு விளக்கலாம்.

பார்வையாளருக்கு மட்டும் தெரிந்தது

மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால், பார்வையாளருக்குச் சில விநாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பது பார்வையாளருக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தால், பல நிமிடப் பதற்றம் கிடைக்கும். இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில் இந்த வேறுபாட்டை விளக்கியுள்ளார்.

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் தொடக்கம் இதற்குப் பொருத்தமான சான்று. ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. குண்டு ஒரு காரின் டிக்கியில் வைக்கப்படுகிறது. அதை அறியாத செல்வர் ஒருவரும் அவருடன் வந்த பெண்ணும் காரில் ஏறுகின்றனர். மெக்சிகோ எல்லை நகரத்தின் தெருக்களில் கார் மெல்ல ஊர்கிறது. மூன்று நிமிடங்களுக்கு மேல் வெட்டு இல்லாமல் கேமரா கிரேனில் ஏறியும் இறங்கியும் அதனுடன் செல்கிறது. புதுமணத் தம்பதியர் இருவர் காருக்கு அருகில் நடக்கும்போதெல்லாம் பார்வையாளருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கார் எல்லையைக் கடந்து அமெரிக்க மண்ணில் வெடிக்கிறது.

குண்டு வைக்கப்பட்டது ஒரு நாட்டில், வெடித்தது இன்னொரு நாட்டில். வழக்கை நடத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இங்கேயே பிறக்கிறது. பின்னர் அமெரிக்கக் காவல் அதிகாரி குவின்லன், தாம் சந்தேகிக்கும் இளைஞனின் வீட்டில் பொய்ச் சான்றை வைக்கிறார். தொடக்கத்தில் மறைத்து வைக்கப்பட்ட குண்டைக் கண்ட பார்வையாளருக்கு, மறைத்து வைக்கப்பட்ட இந்தச் சான்றும் அதே வகைச் செயலாகத் தோன்றுகிறது. முடிவில் அந்த இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வருகிறது. அவன் குற்றவாளிதான், ஆனாலும் சான்று பொய்யானது. குண்டு வழக்கின் விடை ஒரே வரியில் வந்துவிடுகிறது. அதைவிடக் கடினமான கேள்வி பார்வையாளரிடம் தங்கிவிடுகிறது.

படத்தை முதலில் வெளியிட்ட நிறுவனம் இந்தக் காட்சியின் மேல் பெயர்ப் பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் சேர்த்தது. வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி, படத்தொகுப்பில் மாற்றங்கள் கோரினார். 1998ஆம் ஆண்டு வால்டர் மர்ச் அந்தக் குறிப்பின்படி மறுதொகுப்பு செய்தபோது பெயர்கள் நீக்கப்பட்டன. கடைகளிலிருந்தும் கார் வானொலியிலிருந்தும் வரும் தெருவின் ஓசைகள் இசைக்குப் பதிலாக ஒலித்தன. பெயர்களைப் படிக்கும் கண் காரைப் பின்தொடராது. ஆகவே, ஒரே படச்சுருள் இரண்டு வெவ்வேறு காட்சிகளாக நிற்கிறது.

காலித் தட்டு

ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் முதல் பேசும் படம் 'எம்' (1931). பெர்லின் குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று, கொலைகாரனைப் பற்றிய ஓர் எண்ணிக்கைப் பாட்டைச் சொல்லி விளையாடுகின்றனர். ஒரு பெண் அவர்களைக் கடிந்துகொள்கிறாள். மாடியில் துணி துவைக்கும் தாய், பள்ளியிலிருந்து வரவேண்டிய மகள் எல்சிக்காகத் தட்டு எடுத்து வைக்கிறாள். தெருவில் எல்சி பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறாள். கொலைகாரனைப் பிடிக்க 10,000 மார்க் பரிசு அறிவிக்கும் சுவரொட்டியில் அவள் பந்தை எறிகிறாள். அதே சுவரொட்டியின் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது.

கொலை காட்டப்படுவதில்லை. தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்கிறது. அந்தக் குரலின் கீழ் ஆளில்லாத மாடிப்படி, துணி உலரும் பரண், தொடப்படாத தட்டு ஆகியவை ஒவ்வொன்றாக வருகின்றன. புல்லிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பியில் சிக்கிப் பறந்துபோகிறது. வீட்டில் ஒருவருக்காக வைத்த சாப்பாடு ஆறிப்போவது என்ன என்பதை அறிந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இக்காட்சியின் கடன் இரண்டு முறை அடைக்கப்படுகிறது. எல்சிக்குப் பலூன் விற்ற பார்வையற்ற வியாபாரி, அன்று கேட்ட சீழ்க்கையொலியைப் பின்னர் அடையாளம் கண்டு கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறார். கடைசிக் காட்சியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன் படம் தாய்மார்களிடம் திரும்புகிறது. இந்தத் தண்டனையால் குழந்தைகள் மீண்டு வரமாட்டார்கள் என்று எல்சியின் தாய் கூறுகிறாள். காலித் தட்டுக்கு அதுவே பதில்.

நாயகன் விழுந்த பிறகு

தமிழில் இவ்வகைத் தொடக்கத்தின் சிறந்த சான்று, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்'. பாடல், நடனம், சண்டை ஆகிய மூன்றும் இல்லாத இப்படம், 1943ஆம் ஆண்டு ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. வானொலிப் பொறியாளர் ராஜன் தொடக்கத்திலேயே துப்பாக்கியால் சுடப்பட்டு விழுகிறான். சுட்டவர் யார் என்று காட்டப்படவில்லை.

ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் சாவதே முதலில் கிடைத்தது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) தன் முதன்மை நடிகையைச் சுமார் முக்கால் மணி நேரத்தில் இழக்கிறது. 'அந்த நாள்' அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே நாயகனை முதலிலேயே விழச் செய்தது.

பிறகு மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அண்டை வீட்டுக்காரர் எனப் பலரும் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் உயிரோடு திரும்பி வருகிறான். ஒவ்வொரு முறையும் சற்று வேறு ஆளாக வருகிறான். முதல் காட்சியில் அவன்மேல் எழுந்த இரக்கம் படிப்படியாகக் கரைகிறது. எதிரி நாட்டுக்கு இரகசியங்களை விற்றவன் அவன் என்பதும், வெடித்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி என்பதும் இறுதியில் தெரிகின்றன. யார் சுட்டது என்று கேட்டுக்கொண்டிருந்த பார்வையாளர், யாருக்காக வருந்தினோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வருகிறார். முதல் காட்சி மாறவில்லை; அதன் பொருள் தலைகீழாகிவிட்டது.

கண்ணில் படாத சுறா

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) நீருக்கடியில் நகரும் கேமராவுடன் தொடங்குகிறது. ஜான் வில்லியம்சின் இரண்டு சுர இசை உடன் வருகிறது. கடற்கரைக் கேளிக்கையிலிருந்து பிரிந்து நீந்தச் செல்லும் கிறிஸ்ஸி என்ற பெண்ணை ஏதோ ஒன்று கீழிருந்து இழுக்கிறது. சுறா காட்டப்படவில்லை. அவளுடன் வந்த இளைஞன் போதையில் கரையில் கிடக்கிறான். அவள் கூக்குரல் யாருக்கும் எட்டவில்லை.

இக்காட்சியின் ஆற்றல் அடுத்து வரும் அலுவலகக் காட்சிகளில் தெரிகிறது. சுறா தாக்கியதால் நேர்ந்த சாவு என்று முதலில் பதிவாகிறது. கோடை விடுமுறை வருமானம் போய்விடும் என்று மேயர் அஞ்சியதும் அது படகு விபத்தாக மாற்றிச் சொல்லப்படுகிறது. நடந்ததைப் பார்த்தவர் பார்வையாளர் ஒருவரே. ஆகவே அந்தப் பொய்யைக் கேட்கும்போது எழும் கோபமும் அவருடையதாகிறது. அடுத்ததாக ஒரு சிறுவன் இறக்கிறான். அவன் தாய் காவல் தலைவர் பிராடியை எல்லோர் முன்னும் அறைகிறாள். கடனின் பாதி அங்கே தீர்கிறது. பிற்பாதி கடல் வேட்டையாக மாறியதும் மேயரும் கிறிஸ்ஸியும் மறைந்துபோகின்றனர். சுறா வெடித்துச் சிதறுவது மகிழ்ச்சி தரும் முடிவு. ஆனால் பொய் சொன்னவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை.

கொலையாளியின் கண்

ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) பார்வையாளரைக் கொலையாளியின் கண்ணுக்குள் வைக்கிறது. 1963ஆம் ஆண்டு இரவு. கேமரா வீட்டைச் சுற்றி வருகிறது. சமையலறைக் கத்தியை எடுக்கிறது. முகமூடி அணிந்ததும் திரை இரண்டு துளைகளாகச் சுருங்குகிறது. பதின்வயதுப் பெண் ஒருத்தி குத்திக் கொல்லப்படுகிறாள். வெளியே வந்ததும் முகமூடி கழற்றப்பட, அங்கே நிற்பவன் அவளுடைய ஆறு வயதுத் தம்பி.

இந்த ஐந்தில் தொழில்நுட்பத்தில் மிகவும் துணிவானவற்றுள் இது ஒன்று. கடன் அடைப்பதில் மிக எளியது. ஒரு குழந்தை ஏன் கொன்றது என்ற கேள்விக்கு, அவனிடம் இருப்பது தீமை என்று மருத்துவர் லூமிஸ் சொல்வதைத் தவிரப் படத்தில் பதில் இல்லை. காரணமின்மையே அச்சம் என்று இதற்கு ஆதரவாக வாதிடலாம். அந்த வாதம் இந்தப் படத்துக்குப் பொருந்தும். ஆனால் இதைப் பின்பற்றிய படங்கள் பலவும் கொலையாளியின் கண்ணை எடுத்துக்கொண்டு, முகமூடிக்குப் பின்னிருந்த குழந்தையின் திகைத்த முகத்தை விட்டுவிட்டன. அவற்றில் இறப்பவருக்குப் பெயர்கூட நிலைப்பதில்லை.

மதிப்பீடு

திகில் படத்தில் முதலில் இறப்பவர் பெரும்பாலும் கதைக்கு வெளியே உள்ளவர். அவரைச் செலவழித்துவிட்டு நாயகனின் கதைக்குள் போவது எளிது. லாங்கின் படம் இறுதிவரை எல்சியை விடவில்லை. பாலசந்தரின் படம் ராஜனைத் திரும்பத் திரும்ப எழுப்பி விசாரித்தது. வெல்ஸ், வெடித்த குண்டைச் சட்டம் பற்றிய கேள்வியாக்கினார். ஸ்பீல்பெர்க் பாதி வழி சென்றார். கார்ப்பென்டர் கேள்வியை மட்டும் விட்டுச் சென்றார்.

ஒரு தொடக்கக் காட்சியை மதிப்பிட எளிய வழி ஒன்று உண்டு. படம் முடிந்த பிறகு, முதலில் இறந்தவரின் பெயர் நினைவில் இருக்கிறதா என்று பார்ப்பதே அது. பெயர் இருந்தால் அக்காட்சி தன் வேலையைச் செய்திருக்கிறது.