ஆட்டம் அறிந்த மரம்: ஆப்பிரிக்க முகமூடியின் மரபுகளும் தரமும்

மேற்கு ஆப்பிரிக்காவிலும் காங்கோ ஆற்றுப் படுகையிலும் முகமூடி தனியாக வெளியே வருவதில்லை. ராஃபியா நார் ஆடை, துணி, இறகு, காற்சதங்கை, முழவுக்காரர், பாடகர், சுற்றி நிற்கும் ஊர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அதிலிருந்து பெரும்பாலும் மரத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கப்பலேற்றினார்கள். நாரும் துணியும் ஊரிலேயே நின்றுவிட்டன. 1907-இல் பாரிஸின் ட்ரோக்கடேரோ அருங்காட்சியகத்தில் பிக்காசோவைத் திகைக்க வைத்ததும், 1935-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பெரிய காட்சியாக வைத்ததும் ஆடுகளத்தை விட்டு வந்த பொருள்களே. விலையும் புகழும் அந்த மரத்தைச் சுற்றியே வளர்ந்தன. ஆனால் மரத்தின் கனத்தை, கண் துளையின் அளவை, உட்புறக் குழிவை, வண்ணத்தை ஆட்டம்தான் தீர்மானித்தது. ஆட்டத்தை அறியாதவர் முகமூடியின் தரத்தை எடைபோட முடியாது.

புல்வெளி நாட்டு மரபுகள்

மாலி நாட்டின் பாண்டியாகரா செங்குத்துப் பாறைகளில் வாழும் டோகோன் மக்களின் முகமூடிகள் துக்கம் முடிக்கும் ‘தாமா’ சடங்கில் ஆடுகின்றன. இறந்தோரின் ஆவியை ஊரிலிருந்து முறையாக வழியனுப்புவது அதன் நோக்கம். இரட்டைக் குறுக்குக் கட்டை கொண்ட ‘கனாகா’வை அணிந்தவர் இடுப்பிலிருந்து உடலைச் சுழற்றி, அதன் உச்சியால் தரையைத் தொடப் பார்ப்பார். பல மீட்டர் உயரமுள்ள ‘சிரிகே’ ஒரே மரத்தில் செதுக்கப்படுவது. அதை நிலைநிறுத்த ஆடுபவர் உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பைப் பற்களால் கடித்துக்கொள்கிறார். 1931 முதல் 1933 வரை நடந்த பிரெஞ்சு இனவரைவியல் ஆய்வான டக்கார்–ஜிபூட்டிப் பயணத்தின் தலைவர் மார்செல் கிரியோல், 1938-இல் டோகோன் முகமூடிகள் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

அதே நாட்டின் பமனா மக்களின் ‘சிவாரா’ முகத்தை மறைப்பதன்று. கூடைபோல் முடைந்த தொப்பியின்மேல் நிற்கும் மான் உருவத் தலையணி. உழவைக் கற்பித்த தெய்விக மானைப் போற்றி, ஆணும் பெண்ணுமாக இணையாக ஆடும். ஆடுபவர் கோல் ஊன்றிக் குனிந்தே ஆடுவதால் மரம் மெலிந்திருக்க வேண்டும். இதற்குள்ளேயே மூன்று பாணிகள் உண்டு: சேகு பக்கத்தில் நிமிர்ந்த கொம்பு, பெலெடுகுப் பக்கத்தில் கிடைமட்டக் கொம்பு, தெற்கே புகுனிப் பகுதியில் பல விலங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவம். இணையில் ஒன்றை மட்டும் வாங்கியவர் பாதி நாடகத்தை வைத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

புர்கினா பாசோவின் ப்வா மக்கள் நெடும்பலகை முகமூடிகளுக்குச் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் கட்டங்களும் கோணல்கோடுகளும் தீட்டுகிறார்கள். ஆடும் பருவத்துக்கு முன் வண்ணம் புதுப்பிக்கப்படும். ஊர்க்காரருக்கு மங்கிய வண்ணம் சோம்பலின் அடையாளம். வெளிநாட்டு வாங்குபவருக்கோ அதுவே பழமையின் சான்று. இரு அளவுகோல்களும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

கினியக் கரைக் காடுகள்

லைபீரியாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் டான் மக்களிடம் கண்ணைப் பார்த்தே முகமூடியின் வேலையைச் சொல்லலாம். கீற்றுக் கண்ணும் வழவழப்பான முகமும் கொண்ட ‘டேயாங்லே’ சாந்தமானது. ஓட்டப் பந்தயத்தில் முகமூடி அணியாதவரைத் துரத்தும் ‘குன்யே கே’வுக்கு வட்டக் கண், ஓடும்போது பாதை தெரிய வேண்டுமே!

சியரா லியோனின் மெண்டே மக்களிடையே பெண்களே முகமூடி அணிந்து ஆடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் இது அரிது. சாண்டே என்னும் பெண்கள் சங்கத்தின் ‘சோவேய்’ தலை முழுவதையும் மூடும் கவசம். அதைச் செதுக்குபவர் ஆண். நீரிலிருந்து எழுந்ததுபோன்ற கருமை மினுக்கம், தாழ்ந்த கண், சிறிய வாய், கழுத்தில் மடிப்பு வளையங்கள், நுணுக்கமான கொண்டை ஆகியவை அழகின் இலக்கணம். தலையில் சரியாக அமராததை மூத்த பெண்கள் ஏற்கமாட்டார்கள்.

ஐவரி கோஸ்ட்டின் பவுலே மக்களின் ‘கோலி’ ஆட்டத்தில் நான்கு வகை முகமூடிகள் இளையதிலிருந்து மூத்ததுவரை வரிசையாக வருகின்றன. வட்டத் தட்டும் வளைந்த கொம்பும் உள்ள ‘ப்ளே ப்ளே’ உலகப் புகழ் பெற்றது. ஆனால் இந்த ஆட்டம் அண்டையிலுள்ள வான் மக்களிடமிருந்து வந்தது. பக்கத்துக் குரோ மக்களின் ‘ஸவுலி’ 1950-களில் உருவானது. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மின்னல் வேகக் கால்வேலைக்குப் பெயர்பெற்ற இந்த ஆட்டத்துக்கு ‘நூற்றாண்டு பழைய’ முகமூடி என்று யாராவது விற்க வந்தால், அந்தப் பேச்சே பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.

நைஜீரியாவிலும் பெனினிலும் வாழும் யொரூபா மக்களின் ‘கெலெடே’ அன்னையரின் ஆற்றலைச் சாந்தப்படுத்த ஆடுவது. முகமூடி தலையுச்சியில் சாய்ந்திருக்கும். ஆடுபவர் கீழே தொங்கும் துணி வழியே பார்க்கிறார். மேலே பாம்பும் பறவையும் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளும் தையல் இயந்திரமும்கூட அமர்ந்திருக்கும். இரும்புச் சதங்கை கட்டிய கால் முழவின் சொற்கட்டோடு பிசகாமல் நின்றால்தான் கூட்டம் கைதட்டும்.

காங்கோவும் கிழக்குக் கரையும்

கபோன் நாட்டின் புனு மக்களின் வெண்களிமண் பூசிய முகமூடி உயரமான பொய்க்காலில் நின்று ஆடும். அதனால் மென்மரத்தில் மெல்லிய தகடாகச் செதுக்கினார்கள். ஃபாங் மக்களின் நீண்ட வெள்ளை முகமான ‘ங்கில்’ சூனியக்காரரைத் தேடித் தண்டிக்கும் சங்கத்துக்குரியது. பிரெஞ்சுக் காலனி ஆட்சி அச்சங்கத்தை அடக்கியபின் அது அருகிவிட்டது. கசாய் பகுதியின் கூபா அரசவையில் சோழியும் மணியும் செம்பும் பதித்த மூன்று முகமூடிகள் அரச குலத்தின் தோற்றக் கதையை ஆடுகின்றன. அங்கோலா, காங்கோ, ஜாம்பியா எல்லைகளில் வாழும் சோக்வே மக்களின் ‘ப்வோ’ பெண் மூதாதையின் முகம், ஆடுபவர் ஆண். முகமூடியைப் பெறும்போது அவர் செதுக்குபவருக்குப் பித்தளை வளையம் கொடுப்பது பரிசம் போடும் முறை. மொசாம்பிக், தான்சானிய மகொண்டேயரின் தலைக்கவச முகமூடிகளில் மனித முடியைப் பதிப்பதும் உண்டு.

பெயரில்லாத கலைஞர் என்ற கதை

‘ஓர் இனத்துக்கு ஒரு பாணி’ என்று வகுத்துப் பழகிய அட்டவணையைக் கலை வரலாற்றாசிரியர் சிட்னி காஸ்ஃபிர் 1984-இல் எழுதிய கட்டுரை உலுக்கியது. கோலி கைமாறிய கதையும் அந்த அட்டவணைக்கு எதிரான சாட்சியே. செதுக்கியவரும் பெயரற்றவர் அல்லர். கெலெடே செதுக்கிய மேக்கோ ஊர் டூகாவின் பெயரும், காங்கோவின் பெண்டே மக்களிடையே புகழ்பெற்ற கபாமாவின் பெயரும் ஆய்வாளர் ஏட்டில் இருக்கின்றன. பெண்டே முகமூடிகளை ஆராய்ந்த ஸோயி ஸ்ட்ரோதரின் 1998 நூல் இன்னும் ஒன்றைச் சொல்கிறது: அங்கே புது முகமூடி ஆடுபவரின் கற்பனையில் ஆட்டமாகத் தொடங்குகிறது; செதுக்குபவரின் முறை பிறகே வருகிறது. அந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று ஆடுபவரிடம் கேட்டறிந்துதான் அவர் வாய்ச்சியைக் கையில் எடுக்கிறார்.

மரம் சொல்லும் சாட்சி

ஈரமும் கரையானும் உள்ள நாட்டில் மரம் நெடுநாள் நிற்காது. சேகரிப்புகளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ 20-ஆம் நூற்றாண்டையோ சேர்ந்தவை. கரிமக் காலக்கணிப்பும் கடந்த முந்நூறு ஆண்டு மரத்தைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டாது. எனவே கண்ணும் கையும்தான் கருவி. அவை முதலில் போகவேண்டிய இடம் முகமூடியின் பின்புறம்.

நெற்றி, கன்னம், தாடை படும் இடங்களில் வியர்வையும் தோலும் ஏற்றிய மெருகு இருக்க வேண்டும்; படாத குழிகளில் அது இருக்கக் கூடாது. எல்லா இடத்திலும் ஒரே சீரான பளபளப்பு கண்டால் சந்தேகப்படலாம். ஆடை கோக்கும் விளிம்புத் துளைகளில் நார் இழுத்த தேய்மானம் தெரியும். கடிக்கும் கம்பு உள்ளதில் பற்குறி இருக்கும். மூச்சுக்கும் பார்வைக்கும் வழியில்லாத, கழுத்தை ஒடிக்கும் கனமுள்ள முகமூடி பெரும்பாலும் சுவருக்கென்றே செய்தது. ஊர்க்காரர் ஒட்டிய பழுதும் கம்பி கட்டிய விரிசலும் குறையல்ல. பயனில் இருந்ததற்கு அவை நற்சான்று.

போலி செய்பவர்களும் இதையெல்லாம் அறிவார்கள். புதைத்து வைத்தல், கரையானுக்குக் கொடுத்தல், புகையூட்டல், ரசாயனச் சாயம் ஏற்றல் எல்லாம் பழைய தந்திரங்கள். கேமரூனின் ஃபும்பான் ஊர்ப் பட்டறைகள் பல இனப் பாணிகளையும் சந்தைக்காகச் செய்வதில் பெயர்பெற்றவை. அவற்றைப் புதியவை என்று சொல்லி விற்றால் அது நேர்மையான கைவினை. வயதைக் கூட்டிச் சொன்னால்தான் மோசடி.

வந்த வழி

உண்மையான முகமூடியும் தவறான வழியில் வந்திருக்கலாம். டக்கார்–ஜிபூட்டிப் பயணத்தில் கிரியோலுடன் சென்ற மிஷேல் லெய்ரிஸ் 1934-இல் வெளியிட்ட நாட்குறிப்பில், சடங்குப் பொருள்களை ஊராரை மிரட்டியும் திருடியும் எடுத்ததை ஒளிக்காமல் எழுதினார். தான்சானியாவின் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து 1984-இல் திருடுபோன மகொண்டே முகமூடி ஜெனீவாவின் பார்பியே-முல்லர் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, 2010-இல்தான் திரும்பியது. பிரான்சில் ஒரு வயதான தம்பதி பழம்பொருள் வணிகருக்கு 150 யூரோவுக்கு விற்ற ‘ங்கில்’ 2022-இல் மோன்பெலியே ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. தம்பதியின் வழக்கையும் கபோன் அரசின் கோரிக்கையையும் ஆலெஸ் நீதிமன்றம் 2023-இல் நிராகரித்தது. அந்தத் தீர்ப்பு ஒருபுறம் இருக்க, காலனி அதிகாரி ஒருவர் அதை எப்படிப் பெற்றார் என்ற கேள்வி முடியவில்லை.

ஆகவே பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970-இன் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு, கைமாறிய ஒவ்வொரு படியையும் காட்டும் தாள் இல்லாத முகமூடியை வாங்காமல் விடுவதே சேகரிப்பாளரின் முதல் தகுதி. தாள் உள்ள பழையது கிட்டாதவருக்கு வேறு வழியும் உண்டு. புர்கினா பாசோவின் டெடூகூ நகரில் 1996 முதல் நடக்கும் முகமூடி விழாவில் பல நாட்டு முகமூடிகள் இன்றும் ஆடுகின்றன. அவற்றைச் செதுக்குபவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். செதுக்கியவர் பெயரையும் ஆட்டத்தின் பெயரையும் எழுதி வாங்கி, அவர் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துவந்த புது முகமூடி, வரலாறு மறைக்கப்பட்ட நூறாண்டு மரத்தைவிடச் சேகரிப்பில் முன்வரிசைக்குரியது.