தொடுதிரையும் தொடும் கையும்
முற்காலத் தொடுதிரைத் திறன்பேசிகள் பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

திறனாய்வு என்பது நூல்களுக்கு மட்டுமே உரியதென்றும், கருவிகளை மதிப்பிடுதல் வணிகரதும் பொறியியலாளரதும் தொழிலென்றும் கருதுவோர் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. ஒரு கருவியும் ஒரு நூலைப் போலவே யாரோ ஒருவரை மனத்திற் கொண்டு ஆக்கப்படுகின்றது. நூலுக்கு வாசகன் எவ்வாறோ, கருவிக்குப் பயனாளி அவ்வாறு. ஆக்கியோன் எவரை நினைத்தான், எவரை மறந்தான் என வினவுவது இரண்டுக்கும் பொதுவான திறனாய்வுப் பணியாகும். 2007ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டு வரை உலகச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட தொடுதிரைத் திறன்பேசிகளை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் பணி.

ஒப்பீட்டுக்கு ஓர் உரைகல் வேண்டும். விற்பனைத் தொகையை உரைகல்லாகக் கொண்டால் விடை ஏற்கெனவே தெரிந்ததே. ஆராய்ச்சிக்கு அங்கு இடமில்லை. எனவே இங்கு வேறோர் இடம் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றது. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ அமைந்த மணற்பாங்கான நிலத்தில் உள்ள ஊர் மாம்புரி. மீன்பிடியும் மணல்நிலத் தோட்டச் செய்கையும் அப்பகுதியின் வாழ்வாதாரங்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் வாழும் கரை அது. 1990ஆம் ஆண்டு வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டத்திலேயே. பிரிந்த உறவையும் கடலுக்குச் சென்றவரையும் குரலால் எட்டிப் பிடிக்க வேண்டிய தேவை இத்தகைய கரைக்கு உண்டு. ஈரக் கையும், உப்புக் காற்றும், கண்கூசும் வெயிலும், சோளகம் வீசுங்காலத்துப் பறக்கும் மணலும், தமிழ்மொழியும் ஒருசேர உள்ள இவ்விடத்தில் ஒரு திறன்பேசி எவ்வாறு நிற்கும் என்பதே வினா.

போட்டியாளர் நால்வர்

தொடுதிரையுடைய தொலைபேசி 2007இல் திடீரெனத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் சைமன் என்னும் கருவி 1994ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. ஆயினும் அது ஒரு முன்னோடி முயற்சியாகவே முடிந்தது. பெரும் போட்டி தொடங்கியது 2007ஆம் ஆண்டிலேயே எனலாம்.

அவ்வாண்டு ஜனவரி 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். ஜூன் 29ஆம் நாள் அது ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 3.5 அங்குலக் கண்ணாடித் திரை, ஒரேயொரு முகப்புப் பொத்தான், விரல் தவிர வேறு கோல் வேண்டாமை ஆகியன அதன் சிறப்புகள். விலை 499 டொலரும் 599 டொலரும். அதற்கு மேல் ஈராண்டுத் தொலைபேசி ஒப்பந்தம். அதற்குச் சில வாரங்கள் முன்னரே, மே மாதத்தில், விரலால் மட்டும் இயங்கும் திரையோடு எல்.ஜி. நிறுவனத்தின் பிராடா பேசி விற்பனைக்கு வந்துவிட்டது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. காலத்தால் முந்தியமை மட்டும் ஒரு கருவிக்கு வரலாற்றில் இடம் தேடித் தருவதில்லை என்பதற்குப் பிராடா ஒரு சான்று.

2008 ஒக்டோபர் மாதத்தில் இரு எதிராளிகள் தோன்றினர். கூகிளின் அன்ட்ரொயிட் இயங்குதளத்தைத் தாங்கிய முதற் பேசியாகிய எச்.டி.சி. ட்ரீம், ஜி1 என்னும் பெயருடன் அம்மாதம் 22ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அம்மாதத் தொடக்கத்தில், அந்நாளில் உலகின் மிகப் பெரிய கைத்தொலைபேசி உற்பத்தியாளராக விளங்கிய நொக்கியா, தனது 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் பேசியை அறிவித்தது. வரியின்றி அதன் விலை 279 யூரோ. அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளக்பெரி ஸ்டோர்ம், திரை முழுவதையும் ஒரு பெரும் பொத்தானைப் போல அமுக்கச் செய்த விசித்திர முயற்சி. அது பின்தொடர்வாரின்றி மறைந்தது. ஆகவே ஐபோன், ஜி1, நொக்கியா 5800 ஆகிய மூன்றுமே விரிவான ஒப்பீட்டுக்கு உரியன.

கையின் சான்று

திரையின் பௌதிக அமைப்பே முதல் வேறுபாடு. ஐபோனிலும் ஜி1இலும் அமைந்தது மின்னேற்றத் திரை. கண்ணாடியின் கீழ் மின்கடத்தும் ஒளிபுகு படலம் ஒன்று உண்டு. விரல் அணுகும்போது அவ்விடத்து மின்னேற்றத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி உணர்கின்றது. அழுத்தம் வேண்டியதில்லை, வருடினாலே போதும். நொக்கியா 5800 கொண்டது அழுத்தத் திரை. நுண்ணிய இடைவெளியுடன் அமைந்த இரு படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடும்போது அது இயங்குகின்றது. விரல், நகம், கோல் எதுவாயினும் அதற்கு ஒன்றே. அப்பேசியுடன் ஓர் எழுதுகோலும், கிற்றார் மீட்டும் சில்லைப் போன்ற ஒரு சிறு துண்டும் சேர்த்து வழங்கப்பட்டன.

வரவேற்பறையில் இவ்விரண்டையும் ஒப்பிட்டோர் ஐபோனுக்கே முதலிடம் தந்தனர். அத்தீர்ப்பில் நியாயம் உண்டு. இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்குதலும், பக்கத்தைச் சுண்டி நகர்த்துதலும் கருவிக்கும் மனிதனுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் குறைத்தன. பட்டியலுக்குள் பட்டியலாக விரிந்த பழைய முறை, எழுத்தறிவையும் பொறுமையையும் ஒருங்கே வேண்டி நின்றது. ஐபோனின் முறையோ குழந்தைக்கும் முதியோருக்கும் எட்டியது. இது வெறும் அழகன்று. ஒரு சனநாயகப் பண்பு என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயின் வரவேற்பறையிலிருந்து கரைக்கு வந்தால் தீர்ப்பு தடுமாறுகின்றது. கரைவலை இழுத்த கை உலர்ந்திருப்பதில்லை. உப்புநீர் மின்னைக் கடத்துவது. மின்னேற்றத் திரையில் விழும் துளி விரலின் வேலையைத் தானே செய்யத் தலைப்படும். விரல் தொட்டது எங்கே, நீர் தொட்டது எங்கே எனப் பகுத்தறிய இயலாது அந்நாளைய திரை தவித்தது. அழுத்தத் திரைக்கு இவ்விடர் இல்லை. ஈர விரலாயினும் வலை பின்னும் ஊசியின் மழுங்கிய முனையாயினும் அதற்கு ஏற்புடையதே. மறுபுறம், அழுத்தத் திரையின் மேற்படலம் மென்மையான பிளாஸ்டிக். மணற்காற்றில் கீறல் விழும். படலங்கள் ஒளியைக் குறைப்பதால் நண்பகல் வெயிலில் எழுத்து மங்கும். கண்ணாடித் திரை கீறலைத் தாங்கும். கீழே விழுந்தால் உடையும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தோற்கின்றது. ஆகவே எத்திரை உயர்ந்தது என்னும் வினாவுக்குப் பொதுவிடை இல்லை. எக்கைக்கு உயர்ந்தது என்பதே சரியான வினா.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று உண்மையை மறத்தல் ஆகாது. ஐபோன் வெளிவந்த அதே 2007ஆம் ஆண்டில் பொருளியலறிஞர் ரொபேர்ட் ஜென்சன் கேரளக் கரையோர மீனவர் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். 1997 முதல் 2001 வரையான காலத்தில் கைத்தொலைபேசி பரவியபோது, எக்கரையில் விலை நல்லதென மீனவர் கடலிலிருந்தே அறிந்தனர். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. விற்பனையாகாது மீன் வீணாதலும் ஒழிந்தது. இவ்வளவும் பொத்தான் பேசிகளால் நிகழ்ந்தவை. கடற்றொழிலாளிக்குத் தொலைபேசியின் பெரும்பயன் தொடுதிரைக்கு முன்னரே கிட்டிவிட்டது. தொடுதிரை அதற்கு மேலாக அவனுக்கு என்ன தந்தது என்று கேட்டால், வாசிப்பும் எழுத்துமே விடையாக முடியும். எனவே மொழியின் சான்றே தீர்க்கமானது.

மொழியின் சான்று

ஐபோனை அறிமுகம் செய்தபோது ஜொப்ஸ் முன்வைத்த வாதங்களுள் தலையாயது பிளாஸ்டிக் விசைகளுக்கு எதிரானது. அச்சடித்த விசை தேவையிருப்பினும் இல்லாவிடினும் அங்கேயே கிடக்கும். திரையில் வரையப்படும் விசையோ தேவைக்கேற்ப மாறும் என்பது அவ்வாதத்தின் சாரம். இவ்வாதம் ஆங்கிலத்தை விடத் தமிழுக்கே மிகவும் பொருந்துவது. இருபத்தாறு எழுத்துக்கு விசைகள் எப்போதும் இருந்தன. பன்னிரு உயிரும் பதினெண் மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247 எழுத்தாக விரியும் மொழிக்குப் பன்னிரு பொத்தான்கள் என்றும் இறுக்கமான சட்டையே. வெறுந்திரை என்பது தமிழுக்கு ஒரு விடுதலை வாய்ப்பு.

அவ்வாய்ப்பு எப்போது கைகூடியது? ஐபோனின் முதற் பதிப்பில் தமிழ் விசைப்பலகை இல்லை. தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் அதனுள் இடம்பெற்றது 2013ஆம் ஆண்டு ஐ.ஓ.எஸ். 7 வந்தபோதே. பிறர் ஆக்கும் விசைப்பலகைகளைச் சேர்க்கும் உரிமையோ 2014இல்தான் வழங்கப்பட்டது. எவ்வெழுத்தையும் ஏற்கக்கூடிய திரை, ஆறாண்டுகள் தமிழின் முன் கதவடைத்து நின்றது.

ஜி1 வேறொரு முரண்பாட்டின் வடிவம். அது தன் திரையின் கீழ் ஐந்து வரிசைப் பிளாஸ்டிக் விசைகளை ஒளித்து வைத்திருந்தது. அவற்றில் அச்சிடப்பட்டிருந்தவை ஆங்கில எழுத்துகளே. திரையில் தோன்றும் விசைப்பலகை 2009 ஏப்ரலில் அன்ட்ரொயிட் 1.5 உடன் வந்தது. அப்போதே பிறர் ஆக்கும் விசைப்பலகைகளுக்கும் இடமளிக்கப்பட்டமை பாராட்டத்தக்கது. ஆனால் அக்கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துகளைக் கோக்கும் நெறியும் இல்லை. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வெற்றுக் கட்டங்களே வரிசையாக நின்றன. எழுத்துரு புகுத்தப்பட்ட இடத்திலும் ‘கெ’ என்பதன் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே வாராது பின்னே தொங்கியது. கணினிக் குறியீட்டில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் வருதலால், அவற்றைக் கண்ணுக்குரிய வரிசையில் மாற்றியமைத்தல் கருவியின் கடமை, அக்கடமை நிறைவேற்றப்படவில்லை. ஒருவன் கதவைத் திறக்க மறுத்தான். மற்றவன் கதவைத் திறந்து வைத்து உள்ளே விளக்கேற்ற மறந்தான். அன்ட்ரொயிட் தனது பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தமிழிலும் சிங்களத்திலும் தரத் தொடங்கியது 2014ஆம் ஆண்டின் 5.0 பதிப்பிலேயே.

புதிய தொழில்நுட்பம் முதலில் பெருமொழிகளுக்கு வருவதும், பின்னர் ஏனையவற்றுக்குப் பரவுவதும் இயல்பே எனச் சிலர் கூறக்கூடும். இவ்வாதம் உண்மைகளின் முன் நிற்பதில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் வழியே தமிழுக்கு ஒரு தரப்பட்ட விசைப்பலகை கிடைத்துவிட்டது. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம், 2005ஆம் ஆண்டிலேயே ஜாவா இயங்கிய பொத்தான் பேசிகளில் தமிழிற் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. தமிழ் காட்டாத பேசிகளில் தமிழ் வாசிக்க விரும்பியோர், ஒபெரா மினி உலாவியின் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளை எங்கோ ஒரு சேவைக் கணினியிற் படங்களாக்கித் தம் திரைக்கு வரவழைத்தனர். ஒவ்வொரு பக்கமும் படமாக வந்தமையால் தரவுச் செலவு கூடியது. ஆயினும் வாசிப்பு நின்றுவிடவில்லை. ஆகவே இயலாமை தடையன்று, முன்னுரிமையே தடை. சந்தை தமிழனை வாங்குபவனாகக் கண்டது, வாசகனாகக் காணவில்லை.

உழைப்பின் சான்று

கருவியை ஆக்கிய கைகளையும் கருதாத ஒப்பீடு அரைகுறையானது. நொக்கியா 2006ஆம் ஆண்டில் சென்னைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் பெருந்தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களும், சிறப்பாகக் கிராமத்துப் பெண்களும், அங்கு வேலை பெற்றனர். தொடுதிரைப் போட்டியில் நொக்கியா தோற்றது. 2014 ஏப்ரலில் அதன் கைத்தொலைபேசிப் பிரிவு மைக்ரோசொவ்ற்றுக்குக் கைமாறியது. வரிப் பிணக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அக்கைமாற்றத்தில் சேராது, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. 2019ஆம் ஆண்டளவில் அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பொக்ஸ்கொன் நிறுவனம் ஐபோன்களைப் பொருத்தத் தொடங்கியது. வென்ற கருவியையும் தோற்ற கருவியையும் இணைத்த விரல்கள் ஒரே மொழி பேசுவோருடையவை என்னும் உண்மை எந்த விமர்சனப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. திரை அளவும் நினைவகமும் அங்கு ஒப்பிடப்படுகின்றன, விரல்கள் ஒப்பிடப்படுவதில்லை.

முடிவுரை

மூன்று சான்றுகளையும் தொகுத்து நோக்கின், நொக்கியா 5800 தொழில் செய்யும் கையை அறிந்திருந்தது. ஆனால் பழைய பட்டியல்களின் சிறையிலிருந்து அதனை விடுவிக்கவில்லை. ஐபோன் விரலின் இயல்பை அறிந்திருந்தது. அவ்விரல் எம்மொழியில் எழுத விரும்பும் என வினவவில்லை. ஜி1 பிறர்க்கும் இடமளிக்கும் பெருந்தன்மையைக் கொண்டிருந்தது. அவ்விடத்தில் இருப்பதற்கு வேண்டியதைத் தரவில்லை. வடிவத்தால் சிறந்தது ஐபோன். நெறியால் சிறந்தது ஜி1. உழைப்போன் கைக்கு அன்று இணங்கியது நொக்கியா.

இன்று மாம்புரியின் கரையில் காற்றாலைகளின் நிழலில் நின்று ஒருவர் தமது பேசியில் தமிழிற் செய்தி எழுதுகின்றார் எனில், அது அம்முதற் கருவிகள் தாமாக நல்கிய கொடையன்று. வெறுந்திரை தந்த வாய்ப்பும், அதனைத் தமிழாக்கப் பலர் இடையறாது செய்த பணியும் சேர்ந்து விளைந்த பேறு அது. அடுத்து வரும் கருவிகளையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். ஈரக் கையும் தமிழ் நாவும் உடைய ஒருவரை ஆக்கியோன் முதல் நாளிலேயே நினைத்தானா என்பதே கேட்கப்படவேண்டிய முதல் வினா. அவ்வினா எழாதவரை எந்த ஒப்பீடும் விளம்பரத்தின் நீட்சியாகவே அமையும்.