அஞ்சாமையும் துணிவும்: இறைமாட்சிச் சொல்லாட்சி பற்றிய ஒரு மதிப்பீடு

தலைமைக்குரிய பண்புகளைத் திருக்குறள், பொருட்பாலின் முதல் அதிகாரமான இறைமாட்சியில் தொகுத்துரைக்கிறது. அங்கு 382ஆம் குறளில் 'அஞ்சாமை'யும், 383இல் 'துணிவுடைமை'யும், 384இல் 'மற'மும் இடம்பெறுகின்றன. இம்மூன்றையும் 'வீரம்' என்னும் ஒரே பொருளில் அடக்கிவிடும் போக்கு மேடைகளில் மிகுதி. மைசூரில் கன்னடம் பேசுவோர்க்குத் தமிழ் கற்பிக்கும்போதும், இருமொழிக்கும் பொதுவான 'தைரியம்' என்னும் சொல்லால் மூன்றையும் விளக்கிவிடுதல் எளிது. அடுத்தடுத்து வரும் இம்மூன்றும் ஒருபொருட் சொற்கள்தாமா என்பதே இங்கு எழும் வினா.

'அஞ்சாமை' என்பது 'அஞ்சு' என்னும் வினையடியோடு எதிர்மறை ஆகாரமும் 'மை' விகுதியும் சேர்ந்த தொழிற்பெயர். எதற்கு அஞ்சாமை என்ற வினாவை அதன் அமைப்பே எழுப்புகிறது. இதே சொல்லை 428ஆம் குறளும் ஆள்கிறது. ஆனால் அங்கே அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமை ஆகிறது. அறத்துப்பாலிலோ தீவினையச்சம் ஓர் அதிகாரத் தலைப்பாகவே நிற்கிறது. எனவே அஞ்சாமை தன்னளவில் நற்பண்பு அன்று; எதற்கு என்பதைப் பொறுத்தே அது பண்பாகவோ பேதைமையாகவோ அமைகிறது.

'துணிவு' வேறுவகையது. எண்ணிய பின்னரே துணிய வேண்டும் என்பது 467ஆம் குறளின் கருத்து; ஆராய்ச்சியின் முடிவே துணிவு என்பது 671ஆம் குறளின் கருத்து. ஆகவே இது ஆராய்ந்து கொள்ளும் உறுதி. நம்பிக்கைக்கும் இதுவே நெறி: ஆராயாது ஒருவரைத் தெளிதலையும், தெளிந்தபின் ஐயுறுதலையும் 510ஆம் குறள் ஒருங்கே விலக்குகிறது. மறத்தைக் கூறும் 384ஆம் குறளோ அறத்தினின்று வழுவாமையை முதலில் வைத்து, மறத்தை அதன்பின் வைக்கிறது.

எதுகை, மோனை கருதியே சொற்கள் மாறின எனலாம். 382இல் எதுகையும் 383இல் மோனையும் அமைந்திருப்பது உண்மையே. எனினும் யாப்பு ஒரு சொல்லை வேண்டி நிற்கலாமேயன்றி, நூல் முழுவதும் அச்சொல்லுக்குள்ள பொருளாட்சியை மாற்றிவிடாது.

இவ்வேறுபாடு அகராதியளவில் முடிவதன்று. ஒரு தலைவரை அஞ்சாதவர் என்று புகழும்போது, அவர் எதற்கு அஞ்சவில்லை, பகைக்கா பழிக்கா என்று கேட்கும் இடத்தைக் குறளின் சொல் நமக்குத் தருகிறது. குடிகள் வெருவத்தக்கன செய்யாமையைத் தனி அதிகாரமாக வகுத்த நூல் அது. 'தைரியம்' என்னும் ஒற்றைச் சொல்லில் அக்கேள்வி மறைந்துவிடுகிறது. உரை எழுதுவோரும் மொழி கற்பிப்போரும் இம்மூன்று சொற்களையும் வேறுபடுத்தியே விளக்குதல் வேண்டும்.