பெயரை ருசிக்கும் நாக்கு

தென்காசி, குற்றாலம் பக்கத்து உணவைப் பற்றி இணையத்தில் வரும் ருசிப் பதிவுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. சாரல் பருவத்தில் பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளியல். அங்கிருந்து செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டர். வாழையிலையில் பரோட்டா, சால்னா, நல்லமிளகு போட்டு வறுத்த நாட்டுக்கோழி, காடை. முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடி ஒரு தலையாட்டல், பிறகு “வேற லெவல்”. இதுவே இப்போது உணவு விமர்சனம் என்று வழங்குகிறது. ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, அதற்கு அளவுகோல் தேடுவது வீண் என்று இதற்கு ஆதரவாகவும் பேசுகிறார்கள்.

இந்தப் பதிவுகளால் பயன் இல்லாமல் இல்லை. பெயர்ப்பலகைகூட இல்லாத சிறு கடைகள் வெளியூராருக்குத் தெரிய வந்தன. மாவை அடித்து வீசும் கைகளும், கல்லில் பரோட்டா வேகும் விதமும் படமாகப் பதிவாயின. அச்சில் வந்த சமையல் எழுத்து இவற்றை அதிகம் கண்டுகொண்டதில்லை.

குறை ஒன்றுதான், ஆனால் அது அடிப்படையிலேயே இருக்கிறது: பெயரைக் கேட்டு, புகழை நம்பி, தீர்ப்பை மனதில் எழுதிக்கொண்ட பிறகுதான் இலையில் கை வைக்கிறார்கள். பழைய பிரெஞ்சு ஒயினைச் சுவைப்போரிடமும் இந்தக் குறை உண்டு. போர்தோவின் சிவப்பு ஒயின் பல்லாண்டு புட்டியில் கிடந்தால் அதன் டானின்கள் ஒன்றுகூடி வண்டலாகப் படிகின்றன. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணிகிறது, நிறம் செங்கல் சாயலுக்குப் போகிறது, பழ வாசம் பின்வாங்கிப் புகையிலை, தோல், காளான் வாசங்கள் எழுகின்றன. இவை மெய்யான மாற்றங்கள். ஆனால் அவற்றை உணரும் நாக்கைக் கண் எளிதில் ஏமாற்றிவிடும். போர்தோவில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களுக்கு, மணமில்லாச் சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயின் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். அந்த ஆய்வு 2001இல் வெளியானது.

1976இல் பாரிஸில் பெயரை மறைத்து நடந்த சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியச் சிவப்பு ஒயின் ஒன்றுக்கு முதலிடம் தந்தார்கள். போர்தோ ஒயின் முதிர முதிரத்தான் தன் மேன்மையைக் காட்டும் என்று அதன் ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். முப்பதாண்டு கழித்து, 2006இல், அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோதும் முதல் ஐந்து இடங்கள் கலிபோர்னியாவுக்கே போயின. பெயரை மறைத்ததால்தான் அந்தப் பதிலைச் சோதிக்க முடிந்தது.

பார்டரில் அப்படி எதுவும் மறைக்கப்படுவதில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை இங்கிருந்த மாநில எல்லையைச் சொல்லும் ‘பார்டர்’ என்ற பெயர் இன்று பல ஊர்களில் பரோட்டாக் கடைப் பலகையில் தொங்குகிறது. பெயர் போன இடமெல்லாம் ருசியும் கூடப் போனதா என்று இந்தப் பதிவுகள் சோதித்துப் பார்ப்பதில்லை. பெயரோடு பசியும் சேர்ந்துகொள்கிறது. அருவியில் நெடுநேரம் நின்று, ஈரத் தலையோடு சாரல் காற்றில் வருகிறவருக்குச் சூடான எதுவும் அமுதமாகத்தான் இருக்கும். பசி ருசியைக் கூட்டும், வயிறு நிறைய நிறைய அதே உணவின் இனிமை குறையும். இரண்டையும் ஒவ்வொரு வீட்டிலும் அறிவார்கள். முதல் கடையில் மிளகுக் காரம் ஏறிய நாக்கோடு இரண்டாம் கடைக்குப் போனால், அந்தத் தீர்ப்பு முதல் கடையின் மிளகையும் சேர்த்தே சொல்கிறது. எந்த எண்ணெய், கோழி எவ்வளவு முற்றல், சால்னாவில் தேங்காய் எவ்வளவு என்ற கேள்விகள் எழுவதே இல்லை. தலையாட்டலில் புகழும் பசியும் பதிவாகின்றன, உணவு பதிவாவதில்லை.

ரசனை மட்டும் போதும் என்போர் குற்றாலத்தில் வாழ்ந்த இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி.யைத் (1882–1954) துணைக்கு அழைக்கலாம். அவர் ஒரே பாடலை நண்பர்கள் நடுவே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தவர். கேட்டவருக்கும் பாடல் கைவசம் இருந்தது, மறுத்துப் பேச இடமிருந்தது. அப்படியிருந்தும், தம் ரசனையையே சான்றாகக் கொண்டு கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியபோது புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவ்வளவு பழகிய ரசனைக்கே சான்று கேட்டார்கள் என்னும்போது, ஒருவேளைச் சாப்பாட்டில் பிறக்கும் தீர்ப்பை எதுவும் கேட்காமல் ஏற்பது ரசனைக்கே இழுக்கு.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. பசி சற்றே அடங்கிய வேளையில், மூன்று கடைகளின் பரோட்டாவையும் சால்னாவையும் சூடு ஆறுவதற்குள், கடைப்பெயர் தெரியாமல், அருகருகே வைத்துச் சுவைக்க வேண்டும். சாரல் இல்லாத மார்ச் மாதத்திலும் அதையே செய்து பார்க்க வேண்டும். உள்ளூரில் அன்றாடம் உண்பவர் ஒருவரும் கூட இருக்க வேண்டும். அப்படியொரு பதிவு வரும்வரை, இப்போது வருபவற்றை வாசகர்கள் வழிகாட்டிக் குறிப்பாகக் கொள்ளட்டும், விமர்சனமாகக் கொள்ள வேண்டாம்.