நிலுவையில் விண்ணப்பம், வெளிநாட்டில் பயணம்: அமெரிக்காவின் ‘அட்வான்ஸ் பரோல்’ முறை

அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து தங்கியிருப்பவர், அந்த நாட்டை விட்டு வெளியேறாமலேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான படிவம் ஐ-485. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 245ஆம் பிரிவு இந்த வசதியைத் தந்தது. அதற்கு முன்பு, உள்ளே வாழ்ந்துகொண்டிருந்தவரும் எல்லை தாண்டிப் போய், வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஒன்றில் குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே அரசு எடுத்துக்கொள்ளும். ஐ-131 என்ற படிவத்தில் கேட்டு, பயணத்துக்கு முன்பே அனுமதி பெற்றவர் இதற்கு விலக்கு. அந்த அனுமதிதான் ‘அட்வான்ஸ் பரோல்’. சிறைக் கைதிகளின் பரோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசா இல்லாமல் விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஒருவரை உள்ளே விடலாம் என்று அரசு முன்கூட்டியே தரும் இசைவு இது.

இந்த விதி பிறந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. உள்ளே இருப்பவருக்காக ஏற்பட்ட வழி இது. வெளியே போய்விட்டவருக்குத் தூதரக வழி திறந்தே இருக்கிறது. ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டால் அவருடைய கோப்பை அலுவலகம் எத்தனை காலம் காத்துக்கொண்டிருக்கும்? விண்ணப்பம் சில மாதங்களில் முடிந்துவிடும் என்றால், அதுவரை பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதிலும் பெரிய கொடுமை இல்லை. ஆகவே விதியின் நியாயம் முழுவதும் காத்திருப்பு குறுகியது என்ற எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த எண்ணம் இந்தியர்கள் விஷயத்தில் எப்போதோ பொய்த்துப்போனது.

பொய்த்த விதம் இது. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள் கிடைக்கும். மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால் இந்திய வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது. வரிசையில் தமது ‘பிரயாரிட்டி டேட்’, அதாவது இடம் பிடித்த தேதி, வரும்போதுதான் ஐ-485 தாக்கல் செய்ய முடியும். சில சமயம் அந்தக் கதவு திடீரென்று அகலத் திறந்து மூடிக்கொள்ளும். 2007 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. வேலை அடிப்படையிலான பெரும்பாலான பிரிவுகளும் திறந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. ஜூலை 2ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. குடியேற்றத் துறைத் தலைவருக்குப் பூங்கொத்துகளை அனுப்பி இந்தியர்கள் காந்தி வழியில் எதிர்ப்பைக் காட்டினார்கள். ஜூலை 17ஆம் தேதி முடிவு மாறியது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அதன் பின் தேதிகள் பல ஆண்டுகள் பின்னால் போயின. சில மாதங்களுக்கென்று நினைத்துத் தாக்கல் செய்த விண்ணப்பங்கள் பல பேருக்கு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. அத்தனை காலமும் அவர்கள் ‘பெண்டிங்’ என்ற ஒரே சொல்லின் கீழ் வாழ்ந்தார்கள்.

எல்லா விண்ணப்பதாரர்களையும் இந்த விதி ஒரே மாதிரி கட்டுவதில்லை. ஹெச்-1பி விசாக்காரர்களையும், ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி வரும் எல்-1 விசாக்காரர்களையும், அவர்களுடைய குடும்பத்தாரையும் 1999இல் ஒரு விதித்திருத்தம் விடுவித்தது. தகுதி குலையாமல், செல்லுபடியாகும் விசாவோடு, அதே நிலையில் திரும்பி வந்தால் அவர்களது ஐ-485 கைவிடப்பட்டதாகாது. மாணவர் விசாவில் இருந்துகொண்டு அமெரிக்கக் குடிமகளை மணந்தவர், மகனைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்த தாய், ஹெச்-1பியை விட்டுவிட்டு வேலை அனுமதி அட்டையில் மட்டும் வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு அட்வான்ஸ் பரோல் ஒன்றே வழி.

அந்த வழியின் பலன்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முதல் பலன், ‘ஸ்டாம்பிங்’ என்ற கவலையிலிருந்து விடுதலை. ஹெச்-1பியில் இருப்பவர் ஊருக்கு வந்தால், பாஸ்போர்ட்டிலுள்ள விசா காலாவதியாகியிருக்கும் பட்சத்தில், சென்னையிலோ வேறு நகரிலோ உள்ள துணைத் தூதரகத்தில் புது விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். 221(ஜி) என்ற தாளைக் கொடுத்து ‘கூடுதல் பரிசீலனை’ என்று நிறுத்திவைத்தால் எத்தனை வாரம் ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஹெச்-1பி விசாவுக்கும் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவுக்கும் விண்ணப்பித்தவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்க்கும் நடைமுறை 2025 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தபோது, இந்தியாவில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. விடுமுறைக்கு வந்தவர்கள் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் திரும்ப முடியாமல் ஊரிலேயே தங்க நேர்ந்தது. கையில் அட்வான்ஸ் பரோல் வைத்திருந்தவருக்குத் தூதரக வாசலை மிதிக்கும் தேவையே இல்லை. ஹெச்-1பி இருக்கும்போதும் இதை வாங்கி வைத்துக்கொள்ளும்படி வழக்கறிஞர்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பலன் இன்னும் ஆழமானது. தங்க அனுமதித்த காலம் முடிந்தும் 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவர் 3 ஆண்டுகளும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியவர் 10 ஆண்டுகளும் திரும்பி வர முடியாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த நிலையில் இருப்பவர் அட்வான்ஸ் பரோலில் போய்வந்தாலும் தடை பாயுமா? இந்தக் கேள்வி ஓர் இந்தியத் தம்பதியரின் வழக்காகக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்தின் முன் வந்தது. அரபல்லி–எர்ரபெல்லி வழக்கு என்று அதைக் குறிப்பிடுவார்கள். அரசிடம் முன்னனுமதி பெற்று, திரும்பி வரும் நோக்கத்தோடு போவது அந்தப் பிரிவு சொல்லும் ‘வெளியேறுதல்’ ஆகாது என்று 2012 ஏப்ரலில் வாரியம் தீர்ப்பளித்தது. போய் வா என்று சொல்லி அனுப்பிய அரசே, திரும்பி வந்தவரை ‘நீ போய்விட்டாய்’ என்று பத்தாண்டு தள்ளிவைப்பது முறையல்ல என்பதே அதன் சாரம். இந்த முறையின் வரலாற்றில் மனிதர்கள் பக்கம் நின்ற முடிவுகளில் இது முதன்மையானது.

இனி குறைகள். கையில் அனுமதி இருந்தாலும் உள்ளே விடுவது உறுதியில்லை. முடிவு விமான நிலைய அதிகாரியின் விருப்புரிமை. வழக்கமான வரிசையில் நின்று தாளை நீட்டியதும், பலரைப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். வரிசை வரிசையாக நாற்காலிகள், கைப்பேசியைத் தொடக்கூடாது, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்த இரண்டு மணி நேரம் நகரவே நகராது. கடைசியில் முத்திரை விழும். பெரும்பாலும் ஓராண்டுக்கான தேதியோடு. அந்த முத்திரை சட்டத்தின் பார்வையில் ‘அனுமதிக்கப்பட்டார்’ என்பதல்ல, ‘பரோலில் விடப்பட்டார்’ என்பது. உடல் உள்ளே இருந்தாலும் சட்டப்படி அவர் இன்னும் வாசலில் நிற்பவர். ஐ-485 பின்னால் நிராகரிக்கப்பட்டால், முன்பு மாணவராகவோ பணியாளராகவோ இருந்த நிலைக்குத் திரும்பிப் போய் நிற்க அவருக்குத் தரை இல்லை. ஹெச்-1பி, எல்-1 விசாக்காரர்களுக்கு மட்டும் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு துறைக் குறிப்பு கைகொடுக்கிறது: பரோலில் வந்தாலும் அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரலாம், அந்த விசா நிலைக்கு நீட்டிப்பு கிடைத்ததும் பழைய நிலை மீளும். ஒரு குறிப்பு தாங்கிப் பிடிப்பதை இன்னொரு குறிப்பு தள்ளிவிடவும் கூடும்.

எல்லாவற்றிலும் கொடிய குறை காலம். அனுமதி கைக்கு வருமுன் கிளம்பினால் ஐ-131 விண்ணப்பமும் போகும், ஐ-485 விண்ணப்பமும் போகும். அனுமதி வரப் பல மாதங்கள் ஆகும். பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓராண்டையும் தாண்டியது. மரணம் இதற்கெல்லாம் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. அவசரக் காலத்துக்கென்று ஒரு வழி இருப்பது உண்மைதான். தொலைபேசியில் அழைத்து உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேட்க வேண்டும். கிடைத்தால் ஐ-131 படிவம், கட்டணம், புகைப்படங்கள், ஐ-485 ரசீது, ஊரிலிருந்து வந்த சான்று ஆகியவற்றோடு நேரில் போக வேண்டும். நோய் என்றால் மருத்துவமனைக் கடிதம், இறப்பு என்றால் பெரும்பாலும் இறப்புச் சான்றிதழ். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். தமிழ்நாட்டு வீட்டில் தகப்பனார் இறந்தால் அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்காக ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தாலும் இரண்டு நாள், மிஞ்சிப் போனால் மூன்று நாள். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பதிவு செய்து இறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாலும் காரியங்களுக்கு நடுவேதான். அதாவது, அனுமதிக்கு எந்தத் தாள் வேண்டுமோ அந்தத் தாள், அனுமதி எதற்காகத் தேவையோ அது நடந்து முடிந்த பிறகே கிடைக்கிறது. மகன் கொள்ளி வைக்க வர முடியாமல், பதினாறாம் நாளுக்காவது வந்து சேர்ந்தால் போதும் என்று குடும்பங்கள் மனதைத் தேற்றிக்கொள்கின்றன. படுக்கையில் கிடக்கும் தாயை உயிரோடு பார்க்கப் போவதும் இதே கதைதான். ‘இன்னும் எத்தனை நாள்’ என்று எந்த மருத்துவர் எழுதித் தருவார்?

துறை தன் படிவக் குறிப்பை வைத்தே விதியை இறுக்கியதும் உண்டு. 2017இல், அட்வான்ஸ் பரோல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போனவர்களின் அந்த ஐ-131 விண்ணப்பங்களைக் கைவிடப்பட்டவை என்று நிராகரிக்கத் தொடங்கினார்கள். ஏற்கெனவே செல்லுபடியாகும் அனுமதியோ ஹெச்-1பி விசாவோ கையில் வைத்துக்கொண்டு, புதுப்பிக்க மட்டும் விண்ணப்பித்திருந்தவர்களும் இதில் சிக்கினார்கள். எதிர்ப்புக்குப் பின் 2018இல் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பயணம் போனவர்கள் மறுபடி ஐ-131 தாக்கல் செய்து, அதற்கான வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

கட்டணமும் கூடியது. 2007 முதல் ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே பயண அனுமதியும் வேலை அனுமதியும் அடங்கியிருந்தன. எத்தனை முறை புதுப்பித்தாலும் தனிப் பணம் கிடையாது. 2024 ஏப்ரலில் அந்த ஏற்பாடு போய், ஐ-131க்கு 630 டாலர் தனியாக வந்தது. காத்திருப்பு நீள்வதற்குக் காரணம் அரசின் ஒதுக்கீடு. நீள்வதற்கான செலவு விண்ணப்பதாரர் தலையில். இதை நியாயமென்று சொல்ல வழியில்லை.

வேலை அனுமதியோடு ஒப்பிட்டால் பயண அனுமதி எவ்வளவு பின்தங்கியது என்பது தெரியும். வேலை அனுமதி அட்டையை நேரத்தோடு புதுப்பிக்க விண்ணப்பித்தவருக்குப் பழைய அட்டை தானாகவே நீளும் சலுகை பல ஆண்டுகள் இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் பெரும்பாலான விண்ணப்பங்களுக்குத்தான் அது நின்றது. பயண அனுமதிக்கு அப்படியொரு நீட்டிப்பு ஒருபோதும் இருந்ததில்லை. உழைப்பு நின்றால் நிறுவனத்துக்கு இழப்பு, ஆகவே கேட்க ஆள் இருந்தது. ஊருக்குப் போக முடியாவிட்டால் இழப்பு ஒரு குடும்பத்துக்கு மட்டும்.

அடைக்கலம் கேட்டிருப்பவர்கள் நிலை வேறு வகை. அவர்களும் முன்னனுமதியின்றிப் போனால் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும். முன்னனுமதியோடு போனாலும், எந்த நாட்டுக்கு அஞ்சி வந்ததாகச் சொன்னார்களோ அங்கேயே போனால், கட்டாயமான காரணம் காட்டினாலொழிய கோரிக்கை போய்விடும். இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கேட்ட தமிழர் யாழ்ப்பாணத்தில் தாயின் இறுதிச் சடங்குக்குப் போவதும் இந்த விதிக்குள் வருகிறது. இதில் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அச்சம் உண்மையா என்ற கேள்வி கோரிக்கையின் உயிர்நாடி. வேலை அடிப்படையில் விண்ணப்பித்தவரிடம் கேட்பதற்கு அப்படியொரு கேள்வியே இல்லை.

மற்ற நாடுகளில் நிலைமை மேலானது என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில், உள்ளிருந்து விண்ணப்பித்தவர் முடிவுக்கு முன் பிரிட்டன், அயர்லாந்து உள்ளிட்ட பொதுப் பயணப் பகுதியை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். ஆஸ்திரேலியாவில், விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கான இடைக்கால விசாவான பிரிட்ஜிங் விசா ‘ஏ’யில் இருப்பவர் வெளியே போனால் அந்த விசா முடிந்துவிடும், போய்த் திரும்ப ‘பி’ வகை வேண்டும், அதற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும்.

அமெரிக்க முறையை ஆதரிப்பவர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டுவார்கள்: வெளியே போனவர் திரும்பும்போது மறுபடி சோதிக்க அரசுக்கு இடம் வேண்டும் என்பார்கள். அந்த இடம் விமான நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறது; கைரேகையும் கேள்வியும் எல்லாருக்கும் உண்டு. விண்ணப்பத்தை ரத்து செய்வது அந்தச் சோதனைக்கு எதையும் கூட்டுவதில்லை. ஹெச்-1பி, எல்-1 குடும்பங்கள் 1999 முதல் பரோல் இல்லாமலே போய்வருகின்றன. அதனால் விண்ணப்ப முறை குலைந்துவிடவில்லை.

ஆகவே அட்வான்ஸ் பரோல் என்ற அனுமதி இருக்க வேண்டியதுதான். நீங்க வேண்டியது, அது இல்லாமல் போனால் விண்ணப்பமே அழியும் என்ற தண்டனை. ஐ-485 ரசீதோடு பயண அனுமதியும் சேர்ந்து வர வேண்டும்; புதுப்பிக்க விண்ணப்பித்தவருக்குப் பழையது தானாக நீள வேண்டும்; கடும் நோயைப் போலவே இறப்புக்கும் மருத்துவமனைக் கடிதம் ஒன்றே போதுமானதாக வேண்டும். நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டும். ஆனால் ‘வெளியேறினால் கைவிட்டதாகும்’ என்ற வரி சட்டத்தில் இல்லை. துறை தானே எழுதிக்கொண்ட விதிமுறைகளில்தான் இருக்கிறது. 1999இல் ஹெச்-1பி, எல்-1 விசாக்காரர்களுக்காக அதைத் திருத்தியதும் துறையேதான்.