உறுமியும் வேட்டொலியும்: ‘கலா’ பற்றி ஒரு நோக்கு

மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2007 இல் வெளியிட்ட ‘கலா’, தாயின் பெயர் தாங்கிய இசைத்தொகுப்பாகும். அதன் ‘பேர்ட் புளூ’ பாடலை நடத்திச் செல்வது உறுமி மேளம். நமது கச்சேரி மேடைகள் வாசலுக்கு வெளியே நிறுத்திய அக்கருவி, திருவிழாவிலும் சாவீட்டிலும் எழுப்பும் அதே பதற்றத்தோடு இங்கு தலைமை பெறுகின்றது. இது போற்றற்குரியது.

‘பேப்பர் பிளேன்ஸ்’, த கிளாஷ் என்னும் றொக் குழுவினரின் 1982 ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைமீது எழுப்பப்பட்டது. பல்லவியில் துப்பாக்கி வேட்டும் காசுப்பெட்டியின் ஓசையும் வாத்தியங்களாகின்றன. குடியேறிகளை ஐயுறும் மேலைநாட்டாரை எள்ளுவதே நோக்கம். ஆயின், 1983 ஐயும் அதன் பின்னான போர்க்காலத்தையும் கண்ட வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவ்வொலி அங்கதமாவதற்கு முன்னரே நினைவாகிவிடுகின்றது. உறுமி தன் வாழ்வோடு வந்தது. வேட்டொலியோ தன் வாழ்விலிருந்து பிரிக்கப்பட்டு வந்தது. இத்தொகுப்பின் வலிமையும் குறையும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன எனலாம்.